லாபத்துக்கு மேல நாலு

பழைய செங்கல் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது ஐயா. பலரும் செய்கிற தப்பு அது. தண்ணீர் விட்டு, நார் பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கல்லுக்குக் கல் நடுவில் உதிர்ந்துபோன பழைய சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துப் பூச வேண்டும். அவ்வளவுதான், அறுபது வருடத்துச் சுவர் எழுந்து நின்றுவிடும். நீங்கள்கூட உள்ளே வரும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தீர்கள். நான் கவனித்தேன்.

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். கோணல் கண்ணில் பட்டால் எனக்குப் பல் கூசும். தெருவில் எங்கள் வீட்டுக்கு ‘குடோன்’ என்று பெயர். யாராவது விலாசம் விசாரித்தால், “குடோனுக்கு அடுத்த வீடு” என்றுதான் வழி சொல்வார்கள். எதிர்வீட்டம்மா ஒரு தடவை மறந்துபோய் என்னிடமே அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அண்ணனும் நானும். அண்ணி போய்ப் பல வருடமாகிறது. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அண்ணன் தானியக் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தது அந்தக் கடைதான். அதனால் அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசியதில்லை. அவரும் அதட்டியதில்லை. நல்லவராக வேறு இருந்து தொலைத்தார். கெட்டவர் என்றால் சண்டை போடலாம். நல்லவரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போயிற்று. அதிலிருந்து வீட்டையே எண்ணி வைத்துக்கொண்டார். கட்டிலிலிருந்து அறைக் கதவுக்குப் பதினோரு அடி, அங்கிருந்து வாசலுக்கு ஒன்பது, இறங்க நாலு படி. கடையில் அளந்து போடும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கம் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. “லாபம், ரெண்டு, மூணு, நாலு” என்று முணுமுணுத்தபடி இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவார். இறங்குவதற்குப் பக்கத்தில் ஒரு இரும்புக்குழாய்க் கைப்பிடி. வழுக்காமலிருக்க அதில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார். எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டியதுபோல இருக்கும்.

முகப்பைச் சரி பண்ணப் போகிறேன் என்றதும் அவர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார். “என் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான்டா. உன் இஷ்டம் போல பண்ணு. படியில மட்டும் கை வைக்காத” என்றார்.

வீட்டின் மொத்த அசிங்கமும் அந்தப் படியில்தான் இருந்தது. எத்தனை தாளில் வரைந்து பார்த்தேன் தெரியுமா? தாழ்ந்து அகன்ற வீட்டுக்குச் செங்குத்தாக நாலு படி ஒத்தே வரவில்லை. அகலமாக, உயரம் குறைவாக ஐந்து வைத்தால்தான் பொருந்தியது. நான் என்ன செய்யட்டும்? அளவு அப்படிச் சொல்கிறது.

வேலை நடந்த மூன்று வாரமும் தூசியைக் காரணம் காட்டி அண்ணனைக் கொல்லைப்புற வாசல் வழியாகவே நடத்தினேன். கைப்பிடியை அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. அது நின்ற இடத்தில் குழி தெரிந்ததால் அதன்மேல் பெரிய சிமென்ட் தொட்டி ஒன்றை வைத்துச் செடி நட்டேன்.

கடைசி நாள் கொத்தனார் கை கழுவிக்கொண்டே கேட்டார். “சார், படி அஞ்சுன்னு பெரியவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“நான் பார்த்துக்கறேன்” என்றேன். உங்களிடமும் அவர் அதைச் சொல்லியிருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனே ஆரம்பித்தார்.

“கைப்பிடி இருக்கில்ல?”

“பாலிஷுக்குப் போயிருக்குண்ணா.”

“படி எத்தனைடா இப்போ?”

ஐந்து என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஒரு வார்த்தை திட்டவும் மாட்டார். அப்படியே பேசாமல் சோற்றைப் பிசைவார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. நாலு என்றால் அது பொய். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

“லாபத்துக்கு மேல நாலுண்ணா” என்றேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லாபம் ஒன்று, அதற்கு மேல் நாலு, ஆக ஐந்து. ஒரு எழுத்து பொய் கிடையாது. ஆனால் நாற்பது வருடம் அளந்த மனிதருக்கு லாபத்தில் ஆரம்பித்து நாலில் முடிகிற கணக்குத்தான் காதில் விழும். அது எனக்குத் தெரியும்.

“அப்போ பழையபடிதான்னு சொல்லு” என்று தன் சிலேடைக்குத் தானே சிரித்தார். நான் அவர் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். எதிர்ச் சாரியில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சரியாகச் சுவரில் விழுந்து செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஸ்கூட்டரில் போன இருவர் வேகத்தைக் குறைத்து, “சூப்பரா இருக்குல்ல” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கண் கலங்கியது.

அப்போது கதவு திறந்தது. அண்ணன், கிழிந்த பனியனோடு.

“டேய் தம்பி, எதிர்லதான நிக்கிற? எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்கறாங்களே, நானும் கொஞ்சம் நின்னு கேக்கறேன்.”

நான் பதில் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை என்று நினைத்து உள்ளே போய்விடுவார் என்று பார்த்தேன். அவர் போகவில்லை. கையை நீட்டிக் கைப்பிடியைத் துழாவினார். அது பாலிஷுக்குப் போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

“லாபம்” என்றார். நிதானமாக இறங்கினார். “ரெண்டு.” குறுகலான தெரு, அவர் முணுமுணுப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “மூணு.” “நாலு” என்று சொல்லிவிட்டு, தரைக்கு வந்துவிட்ட மனிதராகத் தைரியமாகக் காலை வீசி வைத்தார்.

தொட்டியின் விளிம்பு அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. நான் இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தெருவைக் கடந்தேன்.

ஏன் கத்தவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வாய் வரவில்லை என்று எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். வாய் வந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கத்தியிருந்தால் அண்ணன் நின்றிருப்பார். நின்றிருந்தால் ஐந்தாவது படி தெரிந்திருக்கும். மறுநாளே அந்தக் குழாய் டியூபோடு திரும்ப வந்திருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். தெரிந்துதான் மூடிக்கொண்டேன்.

தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டபோது அவருக்கு நினைவு இருந்தது. கையைத் தடவிப் பார்த்து நான்தான் என்று கண்டுகொண்டார்.

“நான்தான் தப்பா எண்ணிட்டேனாடா?” என்றார்.

“ஆமாண்ணா, நீங்கதான் தப்பா எண்ணிட்டீங்க” என்றேன். கடைசி நேரத்தில் அவர் மனசு சங்கடப்படக் கூடாது பாருங்கள்.