குதிரை சார்

குதிரை வளர்ப்பவர்களுக்கு முதல் தொல்லை ஈதான் சார். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். எங்கள் மர்பி டவுனில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் குதிரை இருந்தால் வீதி முழுக்க ஈ இருக்கும். சாணத்தை உடனுக்குடன் அள்ள வேண்டும், மூத்திரம் தேங்கிய இடத்தில் சுண்ணாம்பு தூவ வேண்டும், பொழுது சாய்ந்ததும் வேப்பிலைப் புகை போட வேண்டும். இத்தனையையும் நான் தவறாமல் செய்துவந்தேன். அதாவது, செய்ய வைத்தேன். செய்தது என் மனைவி மங்களம்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். வருகிறேன். ஏட்டு டொமினிக் நம்ம பக்கத்துத் தமிழர், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். நிதானமாகவே சொல்கிறேன். நான் பதறுகிற ஆள் இல்லை, வீதியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

என் பெயர் சிவசங்கரன். மார்க்கெட் வீதியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. மற்றவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று துபாய்க்கும் சேலத்துக்கும் பேசுவார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள். நான் வெளியே உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பேன். வீதியில் எனக்குப் பெயர் பூத்துக்காரன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ்கோர்ஸ் பக்கம் போய் வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். அங்கே லாயத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பழக்கமானார். ஓட்டம் குறைந்துபோன ஒரு குதிரையைக் கழிக்கப்போகிறார்கள், விட்டால் கல்யாண ஊர்வலத்துக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். நல்ல பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. அதை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது மங்களம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இது எங்க படுக்கும்?" என்றாள்.

"அது நின்னுக்கினே தூங்கும்" என்றேன். குதிரையைப் பற்றி எனக்கு அப்போதே நிறையத் தெரியும்.

வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் ஷீட் போட்டுக் கட்டினோம். ஒரே வாரத்தில் நான் குதிரை சார் ஆகிவிட்டேன். இந்த 'சார்' என்ற சொல்லை நீங்கள் தினமும் கேட்பவர், உங்களுக்கு அதன் ருசி தெரியாது. என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பால்காரன் கூப்பிட்டான், ரேஷன் கடைக்காரர் கூப்பிட்டார். பூத்துக்கு வருகிறவர்கள் போனைப் பேசி முடித்துவிட்டு, "குதிரை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சில மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். அதை மறைக்க மாட்டேன்.

குதிரைக்கு நான் பிரின்ஸ் என்று பெயர் வைத்தேன். மங்களம் ராசு என்று கூப்பிட்டாள். அது ராசு என்றால்தான் திரும்பிப் பார்த்தது. விலங்குதானே, விட்டுவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் அதற்கு வயிற்றுவலி வந்துவிட்டது. குதிரைக்கு வயிற்றுவலி என்றால் படுக்க விடக்கூடாது. படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிச் செத்துப்போகும். நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். மங்களம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து வீதியில் மேலும் கீழும் நடந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். சாயங்காலம் எங்கள் வீதிச் சங்கக் கட்டடத்துக்கு எதிரே அது வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. வீதியே கைதட்டியது. மங்களம் அந்தச் சாணத்தைப் பார்த்து அழுதுவிட்டாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள், ஒருத்தர் காப்பி கொடுத்தார், ஒருத்தர் அவள் காலுக்குத் தைலம் கொண்டுவந்தார். குதிரை யாருடையது என்று அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் நாற்காலியை மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். கோபம் எதுவும் இல்லை.

சவாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கிய புதிதில் கடைக்குக் குதிரையிலேயே போவது என்று முடிவு செய்தேன். சஃபாரி சூட் போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் நாள் அது ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று முட்டைக்கோஸ் தின்றது. தின்று முடித்த பிறகுதான் நகர்ந்தது. இரண்டாம் நாள் கடைவீதி வரை போய்விட்டோம். அப்போது மளிகைக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார்.

இந்த இடத்தை டொமினிக் கவனமாக எழுதிக்கொள்ளட்டும். பந்தயக் குதிரையை ஓட்டத்துக்கு முன்னால் ஒரு இரும்புக் கூண்டுக்குள் நிறுத்துவார்கள். படாரென்று முன்கதவு திறக்கும், குதிரை பாயும். சின்ன வயதிலிருந்து அதற்குப் பழகிய பாடம் அது ஒன்றுதான். பட்டாசு வெடித்தாலும், லாரி ஹாரன் அடித்தாலும் எங்கள் குதிரை காதைக்கூட அசைக்காது. ஆனால் இரும்பு ஷட்டர் கடகடவென்று மேலே போகிற சத்தம் கேட்டால் அதற்குப் பந்தயம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கும் பாய்ந்தது. நான் சாக்கடையில் விழுந்தேன். வீதி சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பின்னாலேயே நடந்து வந்த மங்களமும் சிரித்தாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டாள். ஆனால் முதலில் சிரித்தாள்.

முதுகுவலி காரணமாக நான் சவாரியை நிறுத்திக்கொண்டேன்.

குதிரையை நடக்கவிடாமல் கட்டிப்போட்டால் கால் வீங்கிவிடும். அதனால் விடியற்காலையில் மங்களம் கயிற்றைப் பிடித்து அல்சூர் ஏரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போவாள், அப்படியே புல்லும் அறுத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், புல்லுக்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்து வருகிறாள். பக்கத்து வீட்டுக் கேத்தரின் தையல்காரி, அவள் இவளுக்கு ரகசியமாக ஒரு பேண்ட் தைத்துக் கொடுத்திருக்கிறாள். எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று கேட்டேன்.

"கோச்சிக்காதீங்க. காலு வலிச்சிது, சும்மா ஏறிப் பாத்தேன். அதுவே கூட்டினு வந்துடுச்சி" என்றாள்.

ஷட்டர் விஷயத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். கடைகடையாகப் போய், "அண்ணா, குதிரை தாண்டினப்புறம் தொறங்கண்ணா" என்று கேட்டிருக்கிறாள். பேரம் பேசியே பழகிய கடைக்காரர்கள், ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை. காலையில் சாவியும் கையுமாக வரிசையாக நின்று, குளம்புச் சத்தம் கடைவீதியைத் தாண்டிய பிறகுதான் ஷட்டரைத் தூக்குவார்கள். என் கடை ஷட்டருக்கு அவளே கேத்தரினிடமிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாங்கிவந்து போட்டாள். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். என் கடை ஷட்டர், என்னைக் கேட்காமல்.

கொஞ்சம் கொஞ்சமாக அது மங்களக்கா குதிரை ஆகிவிட்டது. நான் மங்களக்கா வீட்டுக்காரர் ஆனேன். ஒருநாள் புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னைக் காட்டி, "இவுரு யாரு?" என்று கேட்டார். பால்காரன், "பூத்துக்காரரு" என்றான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் நடந்ததிலிருந்து, நவம்பர் முதல் தேதி வரும் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்தை எங்கள் வீதியைப் போலக் கொண்டாடுகிறவர்கள் இந்த ஊரில் கிடையாது. கன்னடக்காரர்கள் வீட்டில் ஒரு கொடி பறந்தால் எங்கள் வீட்டில் மூன்று பறக்கும். இந்த வருஷம் ஊர்வலத்தில் குதிரையும் வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. இந்த ஊரைக் கட்டிய கெம்பே கவுடர் வேஷம்தான் என்று நினைத்து நான் மீசையை முறுக்கிவிட ஆரம்பித்தேன். சங்கச் செயலாளர் பெருமாள்சாமி வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கித்தூர் ராணி சென்னம்மா வேஷம் என்றார். அதை மங்களம் போடுவதாம்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. குதிரை உங்குளுதுதான், யாரு இல்லன்றாங்க? ஆனா அக்கா சொன்னாத்தான அது கேக்குது. நீங்க முன்னால கொடி புடிச்சினு நடங்க" என்றார். சார் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

அவர் போன பிறகு மங்களம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, உங்களுக்கு வருத்தமா இருந்தா நான் போகல" என்றாள்.

எனக்கென்ன வருத்தம், தாராளமாகப் போ என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கொடி மட்டும் பிடிக்க மாட்டேன், கடையில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஊர்வலம் தாண்டுகிற வரைக்கும் ஷட்டரைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் கடையைச் சுத்தம் செய்தேன். பண்டிகைக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதானே. ஷட்டர் ஓடும் இரண்டு பக்கத்துச் சட்டங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நன்றாகத் துடைத்தேன். துடைத்த பிறகு ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். பழைய சத்தம் திரும்பி வந்திருந்தது.

மறுநாள் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மேளம் நெருங்கிவந்தது, குளம்புச் சத்தமும் கேட்டது. நான் நினைத்தது இவ்வளவுதான். குதிரை துள்ளும், அவள் விழுவாள், வீதி சிரிக்கும், நான் போய்த் தூக்கிவிடுவேன். கணவன் மனைவிக்குள் ஒரு கணக்கு நேராகும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வாசலுக்கு நேராக வந்தபோது ஷட்டரைத் தூக்கினேன்.

குதிரை பாய்ந்தது. கொடி பிடித்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஆனால் அவள் விழவில்லை சார். அதன் கழுத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள், காதில் ஏதோ பேசிக்கொண்டே போனாள். கூட்டத்தில் ஒரு ஆள்மேல் படாமல் மார்க்கெட் மூலை வரை போய், அங்கே அதைத் திருப்பி, நடையாகவே திரும்பக் கொண்டுவந்தாள். தலையில் ஜிகினாக் கிரீடம் கோணிக்கொண்டிருந்தது, இடுப்பில் தகரக் கத்தி. அவள் நன்றாகச் சவாரி செய்தாள். அதை நான் மறுக்கவில்லை. வீதி கைதட்டிய மாதிரி அந்த வீதியில் யாருக்கும் கைதட்டி நான் கேட்டதில்லை.

என் கடைக்கு முன்னால் வந்து நிறுத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமாள்சாமி ஏதோ திட்ட ஆரம்பித்தார். அவள் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கை தவறிடுச்சாங்க? பரவால்ல. நான் போயிட்டப்புறம் தொறங்க" என்றாள்.

மன்னிக்கிறாள் சார். குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு, வீதியில் அத்தனை பேருக்கு முன்னால், கீழே நிற்கிற என்னை மன்னிக்கிறாள். நான் தலையை ஆட்டினேன். ஷட்டரை முழுக்க இறக்கினேன். வெளியே அவள் கடிவாளத்தை விட்டுவிட்டுக் குதிரையின் பிடரியைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. தட்டிக்கொடுக்கும்போது அவள் எப்போதும் இரண்டு கையாலும்தான் தட்டுவாள், எனக்குத் தெரியும். அப்போது மறுபடி தூக்கினேன்.

சாக்கடையின் கல் விளிம்பில் அவள் தலை பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள் என்று டொமினிக் சொன்னார். குதிரை இந்தத் தடவை ஓடவில்லையாம், நாலு அடி போய்த் திரும்பிவந்து அவள் பக்கத்திலேயே நின்றதாம். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை கை தவறியது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது தடவை ஏன் தூக்கினாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதல் தடவையும் கை தவறவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை தூக்கியதற்குக் காரணம், முதல் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்புறமும் யாரும் சிரிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். தொழில் என்கிற இடத்தில் எஸ்.டி.டி. பூத் என்று போட வேண்டாம், குதிரை வளர்ப்பவர் என்று போடச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பின்னால் கட்டியிருக்கிற குதிரை நேற்றிலிருந்து எதையும் தொடவில்லை, வைத்த புல் வைத்தபடி கிடக்கிறது, அதற்கு என்னதான் கொடுப்பீர்கள் என்று டொமினிக் கேட்கிறார். கொள்ளு என்று நினைக்கிறேன். ஊறவைத்தா, வேகவைத்தா, அதில் வெல்லம் ஏதாவது சேர்ப்பதுண்டா என்பதெல்லாம் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. இதற்குப் போய் ஏன் எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள் சார்? மங்களத்தைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.