நாற்பத்து மூன்று பூந்தண்டுகள்

செடிகளிடம் ஒரு நல்ல குணம், சார். அவை குரைப்பதில்லை.

எண்பத்தெட்டில், ரிடையர் ஆன கையோடு, செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் அரை ஏக்கர் முள்காடு வாங்கிச் சின்னதாக ஒரு வீடும் கட்டினேன். பக்கத்து நிலத்துத் துரை வேலியோரம் நின்று சிரித்தான். "இன்னா சார், பாறையும் பாம்புமா கீது. இங்க வந்து இன்னா பண்ணப்போற?"

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு காரைப் புதர்களுக்கு நடுவே தரை ஆர்க்கிட் முளைத்தது. மஞ்சள் இதழ், உள்ளே ஊதாக் கோடு. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் தகரத் துண்டில் நம்பர் எழுதிக் குத்தி வைத்தேன்.

என் மனைவி ஞானாம்பாளும் வந்து பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா கூப்பிட்டா திரும்பிப் பார்க்குமா?" என்றாள். எங்களுக்குக் குழந்தை கிடையாது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனவள் இரண்டு முயலோடு வந்தாள். பிறகு ஒரு பூனை. பிறகு ஜிம்மி என்று ஒரு செவலை நாய்.

முயல்கள் ஒன்பதாம் நம்பரைத் தின்றன. கூண்டின் தாழ்ப்பாளை நான்தான் திறந்து வைத்தேன். மிச்சத்தைக் கீரி பார்த்துக்கொண்டது. ஞானாம்பாளிடமும் கீரி என்றுதான் சொன்னேன்.

பூனை, தகரத் துண்டுகளுக்கு நடுவில் மண்ணைப் பறித்து அசிங்கம் செய்தது. அதைக் கோணிப்பையில் கட்டி, பஸ்ஸில் கொண்டுபோய், மறைமலை நகரில் ஒரு மீன்கடை வாசலில் விட்டேன். அது தண்டனை இல்லை, சார், டிரான்ஸ்ஃபர். சர்க்காரில் என்னை ஏழு தரம் மாற்றினார்கள். ஒரு தரமாவது மீன்கடை பார்த்தா போட்டார்கள்? ஞானாம்பாள் நாலு நாள் வேலியோரம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். கணவன் என்பவன் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஜிம்மி விஷயத்தில் நான் மூன்று வருஷம் பொறுத்தேன். தொண்ணூற்றிரண்டில் நல்ல மழை. நாற்பத்து மூன்று தண்டு வந்தது. அந்த நாய் அதன் மேல் படுத்துப் புரளும். ஒரே வாரத்தில் நான்கு கிழங்குகளைத் தோண்டி வெளியே போட்டது. நான்கையும் மறுபடி நட்டு, குச்சி வைத்துக் கட்டினேன்.

துரை வேர்க்கடலைக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சம் வாங்கி வந்தேன். அதை நாயின் தயிர்சாதத்தில் கலந்தேன். ஊட்டியது நான் இல்லை, அவள். அவள் கையால் தந்தால்தான் அது சாப்பிடும்.

மறுநாள் காலை அவள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தயிர் புளிச்சிருந்ததோ? நான்தான் கவனிக்காம போட்டுட்டேனோ?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்" என்றேன். அவள் மனம் நோக வேண்டாம் என்று குரலைக்கூட உயர்த்தவில்லை.

செத்ததைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாமல் சேலையூர் வரை நடந்துவிட்டு வந்தேன். அதற்குள் அவள் துரையைக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொல்லியிருந்தாள். எங்கே தெரியுமா? மண் இளகி இருந்த இடத்தில். குழியை மூடி, அதன் மேல் பூ போட்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று தண்டும் இருந்தது.

"அவன் இங்கேதானே புரண்டுண்டே இருப்பான்" என்றாள். "உங்க பூவைப் பறிச்சுட்டேன். கோவமா?"

"இல்லை" என்றேன். கோபப்பட்டால் கை நடுங்கும், சார். அன்று என் கை நடுங்கவில்லை.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அன்றுதான் நான் அவளுக்குக் காபி போட்டேன். டம்ளரை நீட்டியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு என்ன இப்படி?" என்றாள். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "கசக்கறது. பரவால்லே, மொதல் தடவைதானே." என் மனம் நோகக் கூடாதென்று மிச்சத்தையும் குடித்தாள்.

அலறல் கேட்டு துரைதான் ஓடிவந்தான். ஆட்டோ பிடித்தது அவன். அவளைத் தூக்கியதும் அவன். "சார், பின்னாடி ஏறு சார், இன்னா நின்னுகினு கீற!" என்று என்னைத் திட்டியதும் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சாப்பிட்டாங்க, சொல்லுங்க. தெரிஞ்சா காப்பாத்திடலாம்."

"நான் போட்ட காபி" என்றேன்.

அதில் ஒரு எழுத்து பொய் உண்டா, சார்? ஞானாம்பாள் விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை.