தப்புச் சத்தத்துக்கு ஓடிய பானை

எனக்கு எழுபது வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் காதில் விழுந்ததை மாற்றமாட்டேன்.

இலங்கையில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அரிசி வாங்க வரிசையில் நின்றேன். விடிகாலையில் தப்புப் பறை அடித்து லயத்து வீட்டாரை வேலைக்கு எழுப்புகிறவரும் நின்றார். அவரிடம் பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி சொன்னாள்:

"அண்ணே, நீங்க தப்படிச்சா எங்க சோத்துப்பானை தேயிலைக்குள்ள ஓடிருதுங்க."

"பானைக்குக் கால் மொளைச்சிருச்சா?"

"இந்தா நிக்கிறாளே, எங்க அண்ணன் மக, இவதான் தூக்கிட்டு ஓடுறா. பொலநறுவையில கலவரத்துல வீட்ட எரிச்சப்ப அந்தப் பானையோடதான் தப்பிச்சா. சத்தம் கேட்டா எரிச்சவங்க மறுபடி வந்துட்டாங்கன்னு நெனைக்கிறா. இந்தக் குளிருல எத்தனை நாளைக்குங்க ஓடுவா?"

அவர் அந்தப் பத்து வயதுப் பெண்ணிடம் குனிந்தார். "எல்லாருக்கும் முந்தி கொழுந்து மலைக்குப் போறியாமே? கங்காணி பாத்தா ஒனக்கும் வேலைக்குப் பேர் பதிஞ்சிருவாரு, ஆத்தா."

அவள் சிரிக்கவில்லை. அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, நாளைக்கு நீயே வந்து அடி. யாரு வர்றான்னு நீயே பாரு."

"யாரு வருவாங்க?"

"கொட்டாவி விட்டுக்கிட்டு ஒங்க அத்தைதான் வரும்."

மறுநாள் தப்பு தாளமே இல்லாமல் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். அத்தைக்காரி கொட்டாவி விட்டபடி முதல் ஆளாக வந்தாள். அன்று தேயிலைக்குள் யாரும் ஓடவில்லை.

பேத்தி, நான் எழுதினதை ஒருதரம் வாசித்துக் காட்டு. கொட்டாவி வருகிற இடத்தைச் சத்தமாக வாசி.