எங்க வீட்டுப் போர்வை

— நான் இங்க வருவேன்னு நீ எதிர்பாக்கல, இல்ல? பேப்பர்ல போர்வை போட்டோ வந்தா எனக்கு மட்டும் கண்ணு தெரியாமப் போயிடுமா?

— சத்தியமா நானும் அந்தப் போட்டோவைப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன். மூத்த மருமக மகராசி மியூசியத்துக்கே வித்துட்டாங்கன்னு.

— நானா? சொல்லிட்டேன், மாமியார் போனதுலேர்ந்து இந்தப் போர்வையை நான் கண்ணால பாக்கல.

— நான் மட்டும் பாத்தேனா? அத்தை செத்த வீட்டுல, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி என் பையை உதறச் சொன்னீங்க. உதறினேன். சீப்பும் தலைவலி மாத்திரையும்தான் விழுந்துச்சு.

— அவங்க உயிரோட இருக்கும்போதே எனக்குத்தான் எனக்குத்தான்னு மல்லுக்கு நின்னவதானே நீ?

— நீங்க நிக்கலியா?

— சரி, இது நம்மதுதானான்னு முதல்ல பாரு. நூத்தம்பது வருஷப் பழசுன்னு போட்டிருக்கான்.

— நம்மதேதான். ஊதா ஒட்டுத்துணி ஒண்ணைத் தலைகீழா வச்சுத் தைச்சிருக்கு பாருங்க. ஓரத்துல என் வீட்டுக்காரர் மூணாங்கிளாஸ்ல கொட்டின இங்க்.

— மேடம், கண்ணாடி மேல கை வைக்காதீங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— நீங்க இங்க வேலை பாக்கிறவரா? நல்லதாப் போச்சு. இதை உங்களுக்கு வித்தது யாரு? இவளா?

— இவங்களான்னும் கேளுங்க சார்.

— யாரும் விக்கலங்க. பத்திரமா வச்சிருக்கச் சொல்லிக் குடுத்தது. இருங்க, பதிவேட்டைப் பாக்கறேன்... ஒரு வயசான அம்மா, அவங்களே கொண்டு வந்திருக்காங்க. பதினோரு வருஷம் முன்னாடி, ஜனவரி மூணாம் தேதி.

— மூணாம் தேதியா? அவங்களை ஆஸ்பத்திரியில சேர்த்ததே பத்தாம் தேதிதானே!

— அப்ப... நாம ரெண்டு பேருமே எடுக்கல.

— எடுக்கல. அப்பாடா! உட்கார இடம் இருக்கா?

— என் தோளைப் பிடிச்சுக்கோங்கக்கா.

— அக்கான்னா கூப்பிட்டே?

— வாயில வந்துடுச்சு.

— வரட்டும், வரட்டும். உன் பையை உதறச் சொன்னது தப்புடி. உதறின அந்த நிமிஷமே தெரிஞ்சுது. வீம்பு விடல.

— உங்க மக கல்யாணத்துக்கு நான் வந்தேன் தெரியுமா? எதிர்த்த கடையில நின்னு பாத்துட்டு அப்படியே போயிட்டேன்.

— அடிப்பாவி, சாப்பிடாமயா போனே?

— பஸ்ல அழுதுக்கிட்டே போனேன். ஏன் சார், இத்தனை வருஷமா எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— வருஷா வருஷம் கடிதம் போட்டோமே மேடம். ஒரு வருஷம் அவங்க வீட்டுக்கு, மறுவருஷம் உங்க வீட்டுக்கு. உறை மேல ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதணும்னு அந்த அம்மா சொல்லியிருந்தாங்க. எல்லாமே ‘வாங்க மறுத்தார்’னு திரும்பிடுச்சு.

— ஐயையோ! இவ பேரைப் பாத்ததும் தபால்காரரை வாசலோட திருப்பி அனுப்பினது நான்தான்.

— நானும் அதையேதான் செஞ்சேன்.

— போகட்டும் விடு. மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா! சார், போர்வையை இவகிட்டயே குடுத்துடுங்க.

— அதெல்லாம் வேண்டாம், அக்காதான் மூத்தவங்க, அவங்க வச்சுக்கட்டும்.

— சும்மா இருடி, நீ எடுத்துக்கோ.

— சத்தியமா வேண்டாம், நீங்க எடுத்துக்கோங்க.

— ஒரு நிமிஷம் மேடம். அந்த அம்மா கைப்பட எழுதின நிபந்தனையைப் படிச்சிடறேன்: ‘ரெண்டு மருமகளும் ஒண்ணா வந்து, நீ எடுத்துக்கோ நீ எடுத்துக்கோன்னு சண்டை போட்டா மட்டும் குடுங்க.’