கறைன்னு நாம சுரண்டின பாசி

மத்ததை அப்புறம் பேசுறேன் தாய்மாரே... முதல்ல ஒரு சின்னக் கதை. சொல்லட்டுமா?

போன மாசம் தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போனோம்ல, கூடவே காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. பேரு ஜெயசுதா. அபூர்வமான ஒரு சிவப்புப் பாசியைத் தேடுது. "அக்கா, இந்த வாரத்துக்குள்ள ஒரு கொத்தாவது கிடைக்கணும். இல்லேன்னா என் ரெண்டு வருஷப் படிப்பு வீண்"னு கண் கலங்குது.

நம்ம ராக்கினி மதினி சிரிச்சா. "அடி போடி, அதைக் கண்ணால பார்த்தே அஞ்சு வருஷமாச்சு!"

பொண்ணு பாறையைத் தடவிப் பார்த்துச்சு. "இங்க சிவப்பா, மெழுகின மாதிரி ஒரு படை இருக்குமே?"

"அந்தக் கறையா? கால் வழுக்கும்னு தகரத்தால சுரண்டிருவோம்ல!"

அது தலையில கை வச்சுச்சு. "அய்யோ அக்கா... அதுவும் அந்தப் பாசிதான், வேற பருவம்!"

படகுல ஏறி உக்காந்து விளக்கிச் சொல்லுச்சு. அந்தப் படையிலேருந்து கண்ணுக்குத் தெரியாத தூள் உதிருமாம். அது பாறையில ஒட்டி, ஆண் செடி, பெண் செடின்னு கொத்துக்கொத்தா முளைக்குமாம். ஆண் செடித் தூளுக்கு நீந்தத் தெரியாதாம். தண்ணிதான் பெண் செடிகிட்டக் கொண்டுபோகணுமாம்.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், தள்ளிவிட்டாத்தான் நகருவாரு!"ன்னா மதினி. படகே குலுங்குச்சு.

சேர்ந்துட்டா, பெண் செடி மேல கடுகு கடுகா முடிச்சு வருமாம். அது சிந்துற தூள் ஒட்டினா... மறுபடியும் படை!

"அப்போ, நாம சுரண்டாத பாறை எது?"ன்னு கேட்டா மதினி. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. என் தங்கச்சி பிலோமியை அலை அடிச்சுக் கொன்ன பாறை. மூணு வருஷமா யாரும் அங்கே போறதில்ல. எனக்காகப் போறதில்ல.

"படகைத் திருப்புங்க"ன்னு நான்தான் சொன்னேன். நான்தான் குதிச்சேன். முங்குற கண்ணாடி வழியாப் பார்க்கிறேன்... பாறை முழுக்கச் சிவப்பு! கொத்துக்கொத்தா ஆடுது! மேல வந்து ஒரு கத்து கத்தினேன். அந்தப் பொண்ணு போட்ட துணியோட அப்படியே தண்ணிக்குள்ள பாஞ்சிருச்சு! நான் அழுதேனா, சிரிச்சேனா? ரெண்டும்தான்.

இதை ஏன் சொல்றேன்? இங்கே பாதிப் பேர் யாரையாவது பறிகொடுத்தவங்க. துக்கத்துல பேசாம, அசையாம, ஒட்டிக் கிடக்கிறவளைப் பார்த்து, "இவ அவ்வளவுதான்"னு சொல்லாதீங்க. அவ செத்துக் கிடக்கலை. அதுவும் உசிருதான்... வேற பருவம். பக்கத்துல இருங்க, போதும். அவ நாள் வந்ததும் அவளே எந்திரிப்பா... சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பா!