தலைவருக்குப் போர்த்திய சால்வை

திருக்கனூர் வட்டாரப் பெருமக்களுக்கும், மரக்கடைசல் பழக வந்திருக்கும், இனி வரவிருக்கும் சகலருக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: லேத் ஓடும்போது தொளதொளவென்று எதையும் உடுத்தக் கூடாது. புதிதாக வருகிற எவருக்கும் நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது. இன்ஸ்பெக்டர் அய்யா, நீங்களும் இதிலிருந்தே எழுத ஆரம்பிக்கலாம்.

எங்கள் கடைசல் பயிற்சிக் கூடத்துக்கு மாஸ்டர் நான், செல்லப்பன். கூடத்தை நடத்தும் சங்கத்துக்குத் தலைவர் தணிகைவேல். போன மாதம் அவருக்கும் கடைசல் பழகும் ஆசை வந்தது. கண்ணாடி போடச் சொன்னேன். மோதிரங்களைக் கழற்றச் சொன்னேன். உளியை லேத்தின் இரும்புத் தாங்கியில் ஊன்றிவிட்டுத்தான் சுழலும் கட்டையைத் தொட வேண்டும் என்றேன்.

"இன்னா செல்லப்பா, நாலு எலெக்சன் பாத்தவன் நானு. இந்த மிஷினு என்னக் கடிச்சிடுமா?" என்றார்.

ஒரு பூரிக்கட்டை கடைந்தார். அதற்கு ஓரத்தில் தொந்தி விழுந்திருந்தது. அதைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, சங்கக் கூட்டத்தில் தம்மைத் தாமே தலைமைப் பயிற்சியாளராக அறிவித்துக்கொண்டார். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இனி அவர் பாடம் எடுப்பார். நான் மரச்சுருள் கூட்டுவேன் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. காட்டேரிக்குப்பத்துச் சுகன்யா லேத் முன்னால் நின்றாள்.

"தலைவரே, ஜடைய முடிஞ்சிக்கட்டுமா? மாஸ்டரு அப்டித்தான் சொல்லிக்கீறாரு."

"வேணாம்மா, முன்னால தொங்கவுடு. போட்டோல அழகா வுழும்."

ஜடை நுனி கட்டையை உரசப் போகும்போது நான் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டேன்.

"போட்டோவ கெடுத்துட்டியேடா. போ, போயி எல்லாருக்கும் டீ வாங்கியா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கூடத்தில் ஆபத்தான பொருள் ஒன்று இருந்தால் அதை அப்புறப்படுத்துவது மாஸ்டரின் பொறுப்பு. அவ்வளவுதான்.

தணிகைவேல் சொன்னால் கேட்கிறவர் இல்லை. ஆனால் சால்வையோடு போனால் மறுக்கிறவரும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் சால்வை வந்துவிட்டால் மனிதர் எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிடுவார். தலை தானாகக் குனியும், கைகள் கும்பிடும், கண் கேமராவைத் தேடும். திருக்கனூர்க் கடையில் பருத்திச் சால்வைதான் இருந்தது. பருத்தி கிழிந்துவிடும். பஸ் ஏறி வில்லியனூர் போய், நீளக் குஞ்சம் வைத்த நைலான் சால்வை வாங்கினேன்.

"யாருக்குப்பா?" என்றார் கடைக்காரர்.

"எங்க தலைவருக்கு. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை, எல்லோர் முன்னிலையிலும் தலைவர் கடைந்து காட்டுவதாக ஏற்பாடு. கனத்த வேப்பங்கட்டையாகப் பார்த்து மாட்டி, வேகத்தையும் கூட்டிவைத்தேன். கட்டை சீறிக்கொண்டு ஓடுகையில் பின்னாலிருந்து போய்ப் போர்த்தினேன். கழுத்தில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டார். உளியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். குனிந்தார். குஞ்சம் கட்டையைத் தொட்டது.

சால்வை கட்டையில் சுற்றிக்கொண்டது. உள்ளே கழுத்து இருந்ததால் அதுவும் கூடவே போயிற்று. முகம் தாங்கியில் மோதியது, பிறகு கட்டையில், பிறகு மறுபடியும் தாங்கியில். பற்கள் சுகன்யாவின் காலடி வரை தெறித்தன. எலும்பு முறியும் சத்தம், பச்சைக் கட்டையில் உளி மாட்டிக்கொள்ளும் சத்தம் போலவே இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. நைலான் கடைசிவரை கிழியவில்லை.

அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. இன்றைக்கு அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் விரல்கள் முழுசாக இருக்கின்றன என்றால் அது என்னால்தான்.

லேத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் ஏன் அழுத்தவில்லை என்று கேட்டீர்கள். கை ஒழியவில்லை அய்யா. கைதட்டிக்கொண்டிருந்தேன்.