மூன்றாவது அறையின் கதவு

— அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வை, வெர்லின். கம்ப்யூட்டரக் கழட்டுனது போதும். என் மூஞ்சியப் பாத்துப் பேசு.

— கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது, மார்லிஸ். அதாவது, மூணு கம்பெனிக்காரங்களும் கிளம்பிட்டாங்க. நாளைக்கு இந்த மூணு ரூமும் நோயாளிங்களுக்கு வேணுமாம்.

— எந்த நோயாளிக்கு? என் தம்பிக்கா?

— கேள்விப்பட்டேன்.

— என்ன கேள்விப்பட்ட? ஞாயித்துக்கிழமை கிட்னி வந்துச்சு. டுவேனுக்குப் பொருந்துற கிட்னி. அது துலூத் ஊர்ல யாருக்கோ போயிடுச்சு. ஏன் இவனக் கூப்பிடலன்னு கேட்டா, காத்திருக்கறவங்க லிஸ்ட்ல இவன் செத்துட்டான்னு இருந்துச்சாம். செத்தவன் அந்த நேரம் ஏரியில ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிச்சிட்டிருந்தான். கூப்பிடுவாங்கன்னு ஃபோன மடியிலயே வெச்சுக்கிட்டு!

— மார்லிஸ், உக்காருங்க.

— உக்கார மாட்டேன். நான் நர்ஸு, எனக்கு உன் பாஷை தெரியாது. புரியற மாதிரி சொல்லு. எப்படி நடந்துச்சு?

— அதாவது, புது சாஃப்ட்வேருக்கு மூணு கம்பெனி போட்டி. ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. அதனால ஆளுக்கொரு ரூம், ரூமுக்கொரு நகல். மொத்த ஆஸ்பத்திரியோட கம்ப்யூட்டர் நகல். நர்ஸுங்க நீங்க சோதிக்கறப்ப உள்ள என்ன பண்ணாலும் நிஜத்துல ஒண்ணும் ஆகாது.

— இதத்தான் நான் அன்னிக்கே கேட்டேன். எதையாவது தப்பா அழுத்திட்டா என்னன்னு. நீ என்ன சொன்ன?

— வீட்டையே கொளுத்துங்க, புகை கூட வெளிய வராதுன்னேன்.

— சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— அப்ப நிஜப் பேருங்கள எதுக்கு உள்ள விட்ட?

— பொய்ப் பேருதான் வெச்சேன். நீங்க எல்லாம் சேந்துதான சிரிச்சீங்க? ‘டெஸ்ட் ஒண்ணு, டெஸ்ட் ரெண்டுக்கெல்லாம் எப்படிப்பா ஊசி போடறது, முகமே மனசுல வரலியே’ன்னு.

— சிரிச்சோம். அதுக்குத்தான் நர்ஸுங்க எங்களுக்குள்ள ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டோம். ஊரான் பேர்ல விளையாடக்கூடாது, அவங்கவங்க வீட்டு ஆளு பேரத்தான் எடுக்கணும்னு. முதல் ரூம்ல டுவேனுக்குப் பிரசவமே பாத்தேன். ரெட்டைக் குழந்தை! அவன்கிட்ட சொன்னதும் டயாலிசிஸ் மெஷினே ஆடற மாதிரி சிரிச்சான்.

— நல்ல மனுஷனா இருந்தாரு.

— ‘இருந்தாரு’ன்னு சொல்லாத. இன்னும் இருக்கான்.

— ஐயோ, மன்னிச்சுக்கோங்க. மறுபடி லிஸ்ட்ல சேத்துட்டாங்கல்ல?

— சேத்தாச்சு. அடுத்தது வர்ற வரைக்கும் அவன் இதயம் தாங்காதாம். டாக்டரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. நானும் எத்தனையோ பேர் கைய அப்படிப் புடிச்சிருக்கேன், வெர்லின். அந்தப் பிடிக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சொல்லு. புகை எப்படி வெளிய வந்துச்சு?

— மூணாவது ரூம்காரங்க ஒரே புலம்பல். நீங்க வெச்ச போலி லிஸ்ட் மக்கர் பண்ணுது, எங்க வேகத்தக் காட்டவே முடியலன்னு. நிஜ லிஸ்டுக்கு ஒரே ஒரு கதவு மாதிரி வழி வெச்சு, சரியாப் போகுதான்னு பாத்துட்டு உடனே அடைச்சிடலாம்னு திறந்தேன். அப்பப் பாத்து கேன்டீன்ல உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் தீரப் போகுதுன்னு கூப்பிட்டாங்க.

— போயிட்ட.

— போயிட்டேன். வந்து அடைக்கணும்னு இருந்தேன். மறந்துட்டேன்.

— உருளைக்கிழங்குக்காகவா? ஒரு தட்டு உருளைக்கிழங்குக்காகவா, பாவி?

— என் தப்புதான். மேல சொல்லிட்டேன். இந்த ரூம்களக் கழட்டுறதுதான் எனக்கு இங்க கடைசி வேலை.

— நீ போனா அவன் பொழச்சுக்குவானா? சரி, கதவத் திறந்தது நீ. அது வழியாப் போயி அவனச் சாகடிச்சது யாரு? அந்த ஆளு எனக்கு வேணும். சூயிங்கம் மென்னுக்கிட்டே நின்னானே, அவனா? அந்த நீலக் கோட்டுப் பொண்ணா?

— கம்பெனி ஆளுங்க யாரும் கை வைக்கல.

— யாரக் காப்பாத்தற?

— விட்டுடுங்க, மார்லிஸ். எல்லாரும் நான்தான்னு நெனைக்கறாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

— கேக்கறேன்ல? சொல்லு!

— போன செவ்வாய்க்கிழமை. மூணாவது ரூம்ல நீங்கதான் உக்காந்திருந்தீங்க. அன்னிக்கு என்ன சோதிச்சீங்க?

— அது... நோயாளி செத்துட்டா லிஸ்ட்லேர்ந்து பேரு எவ்வளவு சீக்கிரம் போகுதுன்னு. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுச்சு. பின்னாடி நின்னவங்க எல்லாரும் கைதட்டுனாங்க.

— யாரோட பேரு?

— ஊரான் பேரச் சாகடிக்க எனக்கு மனசு வரல, வெர்லின்.